வண்டிக்கு அடியில் ஒரு பெட்டி

கோவில்பட்டி
10.9.1984

மாப்பிள்ளை ஜேசுதாசனுக்கு அத்தான் வேதமாணிக்கம் எழுதுவது.

இங்கே நாங்கள் இருக்கிறோம். மழை இல்லை. உன் சுகத்தை உன் அக்கா கீழே விசாரிப்பாள், அது அவள் வேலை.

நான் உன்னிடம் எதையும் கேட்டு எழுதுகிறவன் இல்லை. பம்பாயில் மில் வேலை என்று சொல்லி ரயில் ஏறிவிட்டு, சவூதியில் தம்மாமிலிருந்து கடிதம் போட்டவன் நீ. போன வருஷம் நீ கொடுத்தனுப்பிய கைக்கடிகாரம் என் கையில் இருந்ததைவிட ரிப்பேர் கடையில் இருந்ததுதான் அதிகம். ஆனாலும் கேட்கிறேன். வேறு வழியில்லை.

செண்பகராஜ் முதலாளியின் தீப்பெட்டி ஆபீஸுக்குப் புதூர்ப் பக்கத்துப் பெண்களைக் காலையில் ஏற்றிவந்து சாயங்காலம் கொண்டுபோய் விடுவது நம் வேன்தான். நம் வீட்டு அடுப்பு எரிவது அதை வைத்துத்தான். போன மாதம் ஆபீஸ் முற்றத்தில் வண்டியைத் திருப்பும்போது புகைக்குழாய் படார் என்று வெடித்தது, நாலைந்து தீப்பொறி பறந்தது. பத்தடி தள்ளி மருந்து முக்கிய குச்சிகள் காய்ந்துகொண்டிருந்தன. முதலாளி ஓடி வந்து, "வேதமாணிக்கம், ஒம்ம வண்டி இனி கேட்டத் தாண்டி வரப்படாது. பொறி வராத மாதிரி ஏதாச்சும் பண்ணும். பொங்கல் வரைக்கும் பாக்கேன், இல்லன்னா தவசி வண்டிய வச்சிக்கிடுவேன்" என்றார். தவசி அதற்கு முன்பே அவருக்கு இரண்டு வேளை வணக்கம் போட ஆரம்பித்துவிட்டான். கார்பரேட்டரைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டேன். நாலு நாள் அடங்கி இருக்கும், ஐந்தாம் நாள் வெடிக்கும்.

அங்கே எண்ணெய்க் கம்பெனி வண்டிகளில் தீப்பொறியைத் தடுக்கப் புகைக்குழாயில் ஏதோ மாட்டுவார்கள் என்று கேள்வி. நீ இருப்பது கார் பட்டறை. ஒன்று கிடைத்தால் அனுப்பு. கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று எழுது. கதை எழுதாதே.

வேதமாணிக்கம்

தம்பி, வேளாவேளைக்குத் திங்கியா? அத்தான் எழுதுனத மனசுல வைக்காத. அவிய நெஞ்சு முழுக்க அந்த கேட்டுதான் நிக்கி. - அக்கா ஸ்டெல்லாமேரி


தம்மாம்
5.10.1984

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

கர்த்தர் கிருபையால் சுகம். கைக்கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டும், அத்தான். தண்ணீரில் முக்கக் கூடாது.

நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது! அமெரிக்காவிலிருந்து சொந்தமாகக் கார் கொண்டுவருகிறவர்கள் எங்கள் பட்டறைக்கு வருவார்கள். அந்தக் கார்களின் புகைக்குழாயில், சைலன்சருக்கு முன்னால், அமுக்கின பிஸ்கட் டின் மாதிரி ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். கன்வெர்ட்டர் என்பார்கள். 'எஞ்சினில் எரியாமல் மிஞ்சி வருவதையெல்லாம் இது தனக்குள்ளேயே முடித்துவிடும், வெளியே சுத்தமான காற்றுதான் வரும்' என்று ஃபோர்மேன் சொன்னான். மிஞ்சுவதை முடித்துவிடும் என்றால் தீப்பொறியையும் முடித்துவிடும்தானே? இங்கே அதை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாய் வைத்துக் கொடுக்கிறோம். ஏன் என்று கேட்டால், 'இந்த ஊர்ப் பெட்ரோலுக்கு ஆகாது' என்கிறான். அவன் எல்லாவற்றையும் ஆகாது என்கிறவன்தான்.

பட்டறைக்குப் பின்னால் குவியலாகக் கிடக்கிறது. அதிகம் ஓடாத காரில் இருந்ததாகப் பார்த்து ஒன்று எடுத்து, துடைத்துப் பெயின்ட் அடித்து, புதூர் மாயகிருஷ்ணனிடம் கொடுத்திருக்கிறேன். அவன் இங்கே வேலையை முடித்துக்கொண்டு இந்த மாதக் கடைசியில் ஊருக்கே வந்துவிடுகிறான். எஞ்சினுக்குப் பக்கத்தில், வண்டியின் தரைத்தகட்டுக்குக் கீழே வைத்து வெல்டிங் பண்ணச் சொல்லுங்கள். கேட் உங்களுக்குத் திறக்கும்.

உங்கள் ஜேசுதாசன்


கோவில்பட்டி
20.11.1984

மாப்பிள்ளைக்கு,

பெட்டி வந்தது. மாயகிருஷ்ணன் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தான். பெட்டியைத் துணியில் சுற்றி, அதற்குமேல் சாக்கில் சுற்றி வைத்திருந்தான். "ஏலே, இத ஏன் இப்படிப் பொதிஞ்சு கொண்டாந்த?" என்று கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஏர்போர்ட்டுல அங்கனயும் இங்கனயும் சோதனையில வச்சிக் குடஞ்சிட்டாவ அண்ணாச்சி, விட்டாப் போதும்னு வந்தேன்" என்கிறான். காப்பி குடிக்காமல் போய்விட்டான். புதூர்க்காரன் காப்பியை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் எழுது. உள்ளே என்ன இருக்கிறது?

இரண்டு முனையிலும் குழாய் வாய் இருக்கிறது, மற்றபடி நாலு பக்கமும் ஒட்டி மூடியிருக்கிறது. இரும்புத் தகட்டுக்கு இருக்க வேண்டிய கனம் இல்லை, அதிகக் கனம். குலுக்கினால் சலசல என்கிறது. உன் அக்கா, சீடை டப்பா மாதிரி இருக்கிறது என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே மணி மணியாக ஏதோ இருக்கிறது. புகை போகிற குழாயில் மணி எதற்கு? நன்றாக இருக்கிற பொருளை வெட்டி எவனாவது குவியலில் போடுவானா? கறக்கிற மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவார்களா?

ஊரில் எல்லாரும் சவூதியிலிருந்து என்ன வருகிறது, எதற்குள் வருகிறது என்று பேசுவது எனக்கும் கேட்கிறது. நீ தங்கம் அனுப்பியிருந்தால் யாருக்கு அனுப்பினாய், யார் வந்து வாங்குவார்கள், அதைச் சொல். என் வீட்டை நீ சரக்கு கைமாறுகிற இடமாக ஆக்க வேண்டாம். எனக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசல் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

பதில் வரும்வரை பெட்டி பருத்திச் சாக்குக்கு அடியில் இருக்கும். பொங்கலுக்கு நாள் நெருங்குகிறது என்பதையும் நினைத்துக்கொள்.

வேதமாணிக்கம்

தம்பி, இவிய ராத்திரி எந்திரிச்சு அந்தச் சாக்கத் தொட்டுப் பாத்துட்டு வாராவ. நீ சீக்கிரம் எழுது. - அக்கா


தம்மாம்
12.12.1984

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. தங்கம் அனுப்புகிற நிலைமையில் இருந்தால் நான் ஏன் எட்டுப் பேர் படுக்கிற அறையில் ஒன்பதாவது ஆளாகப் படுக்கிறேன்? வெயிலில் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து வேலை செய்கிறேன். நாடு விட்டு நாடு வந்தவன் எல்லாம் கடத்தல்காரன் என்று நீங்களே நினைத்தால் ஊர்க்காரனை என்ன சொல்ல? பம்பாய் என்று பொய் சொன்னது வாஸ்தவம். அக்கா அழுவாள் என்று சொன்னேன். அந்த ஒரு பொய்யை எத்தனை வருஷம் எடுத்து எடுத்துக் காட்டுவீர்கள்?

ஃபோர்மேனிடம் கேட்டேன். உள்ளே இருப்பது களிமண்ணைச் சுட்ட மாதிரி சின்னச் சின்ன மணிகளாம். அதன்மேல் தங்கத்தைவிட விலைகூடிய ஏதோ உலோகத்தை மெல்லிசாகப் பூசியிருப்பார்களாம். அது கண்ணுக்குக்கூடத் தெரியாது, பெட்டி முழுக்கச் சுரண்டினாலும் ஒரு மூக்குத்தி தேறாது என்று சொல்லிச் சிரித்தான். உள்ளதை மறைக்கக் கூடாது என்று இதையும் எழுதுகிறேன்.

தயவுசெய்து பெட்டியை உடைத்துப் பார்க்காதீர்கள். உடைத்தால் ஒன்றுக்கும் உதவாது. நம்பிக்கை இருந்தால் மாட்டுங்கள். இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடுங்கள்.

ஜேசுதாசன்


கோவில்பட்டி
16.1.1985

மாப்பிள்ளைக்கு,

தங்கத்தைவிட விலைகூடியது உள்ளே இருக்கிறது என்று நீயே எழுதிவிட்டாய். உடைக்காதே என்றும் எழுதிவிட்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் வகுப்புப் படித்தவன்தான், ஆனாலும் வாசிக்கத் தெரியும்.

மாட்டியாயிற்று. பொங்கலுக்கு முந்தின வாரம் முதலாளி கூப்பிட்டு விரலை ஆட்டினார், அதற்குமேல் யோசிக்க இடமில்லை. ராமசுப்புவின் வெல்டிங் பட்டறையில் குழாயை வெட்டி நடுவில் வைத்துப் பற்றவைத்தோம். அவன் தட்டித் தட்டிப் பார்த்து, "உள்ள என்ன அண்ணாச்சி, புதையலா?" என்றான். அவன் ஏன் அந்த வார்த்தையைச் சொன்னான்? வேலை முடிகிறவரை பெட்டியின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே நின்றேன். ஒருவகையில் நல்லதுதான். வண்டிக்கு அடியில் இருக்கிற இரும்பை யார் தேடப்போகிறார்கள்? இப்போது வேனுக்குள்ளேயேதான் படுக்கிறேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். பொறி நின்றுவிட்டது. வெடிச் சத்தமும் இல்லை. முதலாளி குழாய் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள வாரும்" என்று சொல்லிவிட்டார். தவசி முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் அழுகின முட்டை மாதிரி ஒரு நாற்றம் வருகிறது. வண்டி மேட்டில் இழுக்க மாட்டேன் என்கிறது. நடு வரிசையில் உட்காருகிற வெயிலம்மாள், "தகடு காலப் பொசுக்குது அண்ணாச்சி, செருப்பு போட்டுக் கெடந்தாலும் தாங்கல" என்கிறாள். அவள் தவசிக்குத் தூரத்துச் சொந்தம். அதனால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்ரோலில் யாராவது எதையாவது கலக்கிவிடுகிறார்களோ என்றும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வேதமாணிக்கம்

தம்பி, நானும் தொட்டுப் பாத்தேன். தோசைக்கல்லு மாதிரி இருக்கு. வெயிலம்மா பொய் சொல்லல. - அக்கா


தம்மாம்
7.2.1985

அத்தான், இந்தக் கடிதத்துக்கு முன்னால் என் தந்தி வந்திருக்கும். இன்று காலையில்தான் கொடுத்தேன். நீங்கள் என் பேச்சை நம்ப மாட்டீர்கள் என்று மாயகிருஷ்ணனுக்கும் தனியாக ஒரு தந்தி கொடுத்து, நேரில் போகச் சொல்லியிருக்கிறேன். தந்தியில் காரணம் எழுத முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நாற்றம், சூடு என்று எழுதியிருந்ததைப் பட்டறையில் ஒரு பிலிப்பைன்ஸ்காரனிடம் சொன்னேன். அவன் அமெரிக்கக் கம்பெனியில் பயிற்சி எடுத்தவன். கேட்டதும் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டான். அந்தப் பெட்டி தீயைத் தடுப்பது இல்லையாம். அதுவே ஒரு அடுப்பாம். எஞ்சினில் எரியாத பெட்ரோல் அதற்குள் போய் அங்கே எரியும். நல்ல வண்டி என்றால் கொஞ்சம் எரியும், தாங்கும். நம் வண்டி வெடித்ததே எரியாத பெட்ரோல் நிறைய வந்ததால்தான். அவ்வளவும் இப்போது உள்ளே எரிகிறது. போதாததற்கு, நம் பெட்ரோலில் இருக்கிற ஈயம் மணிகளை அடைத்துவிடும். அடைத்தால் பெட்டி பழுக்கக் காய்ந்து சிவந்துவிடும். காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தாதே என்று அமெரிக்காவில் புத்தகத்திலேயே அச்சடித்துக் கொடுக்கிறார்களாம். இதை நான் தீப்பெட்டி ஆபீஸுக்குள் அனுப்பியிருக்கிறேன்!

கழற்றுங்கள். வெறும் குழாயை வையுங்கள். கேட் போனால் போகட்டும்.

ஜேசுதாசன்


கோவில்பட்டி
12.2.1985

மாப்பிள்ளைக்கு,

உன் தந்தி வந்தது. 'பெட்டியைக் கழற்று, ஓட்டாதே, கடிதம் பின்னால்.' முதலில் மாட்டு என்றாய். பிறகு உடைக்காதே என்றாய். இப்போது கழற்று என்கிறாய். காரணம் மட்டும் பின்னால் வருமாம்.

நான் எதிர்பார்த்த மாதிரியே மறுநாள் ஆள் வந்துவிட்டான். மாயகிருஷ்ணன்தான். "அண்ணாச்சி, அந்தப் பெட்டிய இப்பவே கழத்தணும். ஜேசுதாசன் தந்தி அடிச்சிருக்கான். எங்கிட்டக் குடுத்துருங்க, நானே கொண்டுபோயிருதேன்" என்றான். எதற்கு என்று கேட்டால், "எனக்குத் தெரியாது, ஆவத்துன்னு மட்டும் போட்டிருக்கு" என்கிறான். எனக்குத் தெரிந்துவிட்டது. கொண்டுவந்தவனே திரும்ப வாங்க வருகிறான். நல்ல ஏற்பாடு! "ஏலே, அந்தப் பெட்டிமேல கண்ண வச்ச, சைக்கிளோட ஒன்ன ஓடைக்குள்ள தள்ளிருவேன்" என்று விரட்டிவிட்டேன். தெருவே பார்த்தது, பார்க்கட்டும்.

பெட்டி வண்டியில்தான் இருக்கிறது, இருக்கும். அதைக் கழற்றினால் பொறி வரும், பொறி வந்தால் கேட் மூடும். உன் ஆட்களுக்கு மணி வேண்டும் என்பதற்காக என் பிழைப்பைக் கழற்றிக் கொடுக்க முடியாது.

இங்கே அறுப்புக் காலம். புதூர் ரோடு முழுக்க உளுந்துச் செடியும் சோளக்கதிரும் பரப்பிப் போட்டிருக்கிறார்கள். வண்டிச் சக்கரம்தான் அவர்களுக்குக் களத்து மாடு. "அண்ணாச்சி, இன்னொருக்க மிதிச்சுட்டுப் போங்க" என்று கும்பிடுகிறார்கள். அவர்களுக்கு என் வண்டிமேல் இருக்கிற நம்பிக்கை உனக்கு இல்லை.

வேதமாணிக்கம்

தம்பி, மாயகிருஷ்ணன் பேசுனத உள்ள இருந்து கேட்டேன். அவன் மொகத்துல கள்ளம் இல்ல, பயந்தான் இருந்துச்சு. நீ காரணம் இல்லாம தந்தி அடிக்க மாட்ட. அவியகிட்ட எம்புட்டோ மல்லுக்கட்டிப் பாத்துட்டேன், கேக்கல. 'நீங்க கழத்த மாட்டீங்கன்னா நாளையிலருந்து நானும் வண்டியில வாரேன்'னு சொல்லிட்டேன். பின்கதவுகிட்ட ஒரு கொடம் தண்ணியோட உக்காந்துக்கிடுதேன். - அக்கா


கோவில்பட்டி
22.2.1985

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. வண்டி செவ்வாய்க்கிழமையே எரிந்துவிட்டது.

காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும்போது உளுந்துச் செடி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. மிதித்துக்கொண்டு வந்தேன். ஒரு கொத்து அடியில் சிக்கிக்கொண்டது போலிருக்கிறது. வெயிலம்மாளை ஏற்றுவதற்காக நிறுத்தினேன். கீழே இருந்து தீ வந்தது. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ஒருவருக்கும் உயிருக்கு மோசம் இல்லை. அரை மணி நேரம் கழித்து என்றால் நாங்கள் கேட்டுக்குள் இருந்திருப்போம்.

உன் அக்கா சுகம்.

வேதமாணிக்கம்


தம்மாம்
11.3.1985

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் பார்த்தேன். நீங்கள் எழுதின எந்தக் கடிதத்திலும் அக்கா கடைசியில் இரண்டு வரி எழுதாமல் இருந்ததில்லை. இதில் இல்லை. 'உன் அக்கா சுகம்' என்று இருக்கிறது. அவள் சுகத்தை நீங்கள் எனக்கு எழுதினதே கிடையாது. அவளே எழுதுவாள்.

அதற்கு முந்தின கடிதத்தில் அவள் வண்டியில் ஏறுகிறேன் என்று எழுதியிருந்தாள். பின்கதவுக்கிட்ட உட்காருவேன் என்றாள். உயிருக்கு மோசம் இல்லை என்றால் வேறு எதற்கு மோசம்?

நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது நான் உங்களைச் சந்தேகப்படுகிறேன். தங்கம் எங்கே என்று நீங்கள் கேட்ட மாதிரியே கேட்கிறேன். என் அக்கா எங்கே? நேராகப் பதில் எழுதுங்கள்.

ஜேசுதாசன்


கோவில்பட்டி
30.3.1985

மாப்பிள்ளைக்கு,

உன் அக்கா எழுதக் கூடாது என்று சொன்னாள், அதனால் எழுதவில்லை. இப்போது எழுதச் சொல்லிவிட்டாள்.

அன்று தீ வந்ததும் நான் முன்கதவைத் திறந்து குதித்துவிட்டேன். உள்ளே பெண்கள். பின்கதவுத் தாழ்ப்பாள் எப்போதுமே இறுக்கம், உனக்குத் தெரியும். அவள் குடத்துத் தண்ணீரைக் கீழே தகட்டில் கொட்டிவிட்டு, பழுக்கக் காய்ந்திருந்த தாழ்ப்பாளை வலது கையால் பிடித்துத் திறந்தாள். கடைசிப் பெண் இறங்குகிறவரை கதவு மூடிக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சுற்றி ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கை வெந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் இருந்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறாள்.

மாயகிருஷ்ணன் வீட்டுக்குப் போனேன். ஆடு மேய்க்கப் போயிருக்கிறான் என்றார்கள். காட்டுக்குள்ளேயே தேடிப் போனேன். என்னைக் கண்டதும் கம்பை இறுக்கிப் பிடித்தான். "ஏலே, வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சிட்டுப் போ" என்றேன். வந்து குடித்தான்.

இப்போது தவசியின் வண்டிக்கு நான் டிரைவர். அவனாகத்தான் கூப்பிட்டான். ஏன் கூப்பிட்டான் என்று தெரியவில்லை. அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பெட்டியை ராமசுப்பு பட்டறையில் அறுத்தேன். உள்ளே கருகின மிளகு மாதிரி மணிகள். தங்கம் இல்லை.

வேதமாணிக்கம்

தம்பி, எடது கையால எழுதுதேன். கோழி கெண்டுன மாதிரிதான் இருக்கும், பயப்படாத. ரெண்டு வெரலு இன்னும் மடங்கல. அத்தான்தான் சோறு பெசஞ்சு ஊட்டுதாவ. உப்பு சரியா இருக்கான்னு ஒரு வாய் தின்னு பாத்துட்டுத்தான் எனக்குக் குடுக்காவ. அந்த மணியக் கழுவி முத்தத்துல காயப் போட்டிருக்காவ. ஆசாரிகிட்ட ஒருக்கக் காட்டிட்டு வரணும்னு இருக்கும், பாவம்.

ஒன்ன நம்பாததுக்கு அவிய வண்டி போச்சு. நீ கழத்துன்னு சொன்னத நான் நம்புனேன், அதுல எனக்கு வருத்தம் இல்ல, கை போனா போவுது. ஆனா ஒண்ணு மட்டும் படுத்தா எந்திரிச்சா மனசுல நிக்கி. கேட் தெறக்கும்னு மொதக் கடுதாசி எழுதுனியே, அப்ப அது என்ன சாமான்னு ஒனக்குத் தெரியுமாலே? அத மட்டும் எனக்கு எழுது. அத்தானுக்கு எழுத வேண்டாம். - அக்கா